தட்டில் வைத்துக் கொடுத்த சாவி

எங்கள் ஊரில் வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், "யார்கூடச் சண்டை?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். ஆடிட்டரைப் பார்க்கப் போனால் தொழில் வளர்கிறது என்று அர்த்தம். வக்கீலைப் பார்க்கப் போனால் மட்டும் குடும்பமே ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நினைத்ததோடு நிற்காமல் வாய் கிழியப் பேசியும் இருக்கிறேன். சர்ச்சில் எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்காரும் வக்கீலம்மாவிடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உங்க ஆபீஸ் படி ஏறாம இருக்கணும்னுதான் நான் தினமும் ஜெபம் பண்ணுதேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். என்னைவிட வயதில் இளையவர். அவரும் சிரித்தார். "தொழில் பண்ணுதவங்க சும்மா இருக்கும்போது ஒரு தடவ வந்துட்டுப் போனா, அப்புறம் வர வேண்டியிருக்காதுக்கா" என்றார். ஆள் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போய்விட்டேன்.

நாங்கள் எலுமிச்சை ஊறுகாய் போடுகிறவர்கள். நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும், எங்களோடு வேலை பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேரும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் புளியங்குடிக்குப் போய் ஏலத்தில் எலுமிச்சை எடுத்து வருவார். அதைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நாலாக வகுந்து, உப்பும் மஞ்சளும் போட்டு நீல டிரம்மில் அடைப்பது வரை ஷெட்டுக்குள் என் ராஜ்யம். ஹாஸ்டல் மெஸ்களும் கல்யாணச் சமையல்காரர்களும் எங்கள் வாடிக்கை. எங்கள் சர்ச்சில் வருஷா வருஷம் போடும் அசன விருந்துக்கும் எங்கள் ஊறுகாய்தான். கோடை முற்றினால் எலுமிச்சை விலை எகிறும் என்பதால், சித்திரை பிறப்பதற்கு முன்பே அந்த வருஷத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதியை வாங்கி உப்பில் போட்டுவிடுவோம்.

ஊறுகாய் போட்டு மூடி வைத்தால் தானாக ஊறும் என்று பலருக்கு நினைப்பு. முதல் வாரம் அதைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். காலையிலும் சாயந்தரமும் மூடியைத் திறந்து, மரத்துடுப்பை அடிவரை விட்டுக் கிண்டிவிட வேண்டும். கிண்டாமல் விட்டால் மேலே மிதக்கிற துண்டுகளில் உப்புத்தண்ணீர் படாது. அங்கே வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியை விற்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். வீட்டில் பிள்ளைகளுக்குப் போடாததை ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு எப்படிப் போடுவது?

ஷெட் ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரத்தில் இருக்கிறது. வரிசையாகத் தகரக் கூரை ஷெட்டுகள், எல்லாம் ஒரே சொந்தக்காரருடையவை. மேலநீலிதநல்லூர் பக்கம் நிலமும் ஆடுமாக இருந்த குடும்பம். அந்தப் பெரியவரை வரிசையில் எல்லாரும் அண்ணாச்சி என்போம். அக்ரிமெண்ட் என்ற பேச்சே அங்கே கிடையாது. நாங்கள் குடிபோன புதிதில் என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை, "ஒரு பேப்பர்ல எழுதிக்கிடுவமா அண்ணாச்சி?" என்று கேட்டார். "ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையாவே?" என்றார் அவர். அதற்கு மேல் கேட்பது அவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். நாங்கள் கேட்கவில்லை. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவரும் கேட்கவில்லை. உள்ளபடி சொன்னால், அண்ணாச்சி உயிரோடு இருந்தவரை அப்படி ஒரு பேப்பர் தேவைப்படவும் இல்லை. வார்த்தை மாறாத மனுஷன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சித்திரை ஒன்றாம் தேதி எல்லா ஷெட்டையும் அவர் கையால்தான் திறக்க வேண்டும். விடிந்ததும் நாங்கள் வெற்றிலை பாக்கு பழத்தோடு சாவியைத் தட்டில் வைத்து அவரிடம் கொடுப்போம். அவர் திறந்து, உள்ளே சூடம் காட்டி, சாவியைத் திரும்ப எங்கள் கையில் கொடுத்து, "இந்த வருசமும் ஓஹோன்னு ஓடட்டும்" என்பார். அவர் கைராசிக்கு வரிசையே சாட்சி சொல்லும். எங்களுக்குச் சித்திரை ஒன்று பண்டிகை இல்லை. ஆனாலும் ஒருவர் நல்ல மனசோடு வாழ்த்துவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூடம் காட்டும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் அண்ணாச்சி இறந்துபோனார். பொறுப்பு மகன் கைக்கு வந்தது. பிள்ளை வெளியூரில் படித்து வேலை பார்த்தவர். மாசியில் ஒரு நாள் வந்து, வரிசை முழுவதையும் இடித்துவிட்டு ஷோரூம் கட்ட ஒரு கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள், எப்போது காலி பண்ணுவீர்கள் என்று கேட்டார். உப்பில் போடுகிற நேரத்தில் எங்கே போவது, இந்தச் சீசன் முடியட்டும் தம்பி, உட்கார்ந்து பேசுவோம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரைக்கு முந்தின நாள் அவரே போன் பண்ணினார். "அக்கா, அப்பா வழக்கத்த நாம விட்ரக்கூடாதுல்லா. நாளைக்குக் காலைல வாரேன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பன் பெயரைக் காப்பாற்றுகிற பிள்ளை என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். காலையில் பித்தளைத் தட்டைப் புளி போட்டு விளக்கி, வெற்றிலையை அடுக்கி, நடுவில் சாவியை வைத்துக் கொண்டுபோனேன். அவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "சிரிங்கக்கா, வீடியோ எடுக்கேன்" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை நீட்டினேன்.

அவர் ஷெட்டைத் திறக்கவில்லை. "இன்னைக்கு ராகுகாலம் எல்லாம் பாத்து சாயந்தரம் திறக்கணும்னு அம்மா சொல்லுதாங்க. நான் போன் பண்ணுதேன்" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். காலையில் கிண்ட வேண்டிய டிரம்களை நினைத்து எனக்கு முணுமுணுப்பு இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். சாயந்தரம் வரை போன் வரவில்லை. நாங்கள் போன் பண்ணினால் எடுக்கவில்லை. நேரில் போனால், எங்கள் பூட்டுக்கு மேலே புதிதாக இன்னொரு பெரிய பூட்டு தொங்கியது. அவர் ரோட்டின் எதிர்ப்பக்கம் கார் பக்கத்தில் இன்னொரு ஆளோடு நின்றிருந்தார்.

"தம்பி, இது என்ன?" என்றேன்.

"நீங்கதான் சாவியை ஒப்படைச்சிட்டீங்களே அக்கா. எடத்தக் காலி பண்ணிக் குடுத்தாச்சு. வீடியோவே இருக்கு. சாமானை எப்ப எடுக்கலாம்னு நான் சொல்லி அனுப்புதேன்" என்றார். குரல்கூட உயரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சர்ச்சுக்குப் போகிறவள் பேசுகிற பேச்சில்லை அது. அவர் காரில் ஏறிப் போனார். உள்ளே இருபதுக்கு மேல் டிரம். எல்லாமே முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் உப்பில் போட்டவை. எங்கள் கையிலிருந்த முழு முதலும் அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை வைத்துத்தான் அந்த வருஷம் முழுக்கப் பிழைக்க வேண்டும், வேலைக்கு வரும் பெண்களும் பிழைக்க வேண்டும்.

வெல்டிங் பட்டறைக்காரர் சத்தம் கேட்டு வந்தார். பூட்டைப் பார்த்தார். தன் பட்டறைக்குள் போய் கேஸ் கட்டரை இழுத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு நிமிசம்க்கா. வெண்ணெய அறுத்த மாதிரி அறுத்துருதேன்" என்றார். வீட்டுக்காரர் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, "அறும்வே, வாரது வரட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நம் சரக்கு, நாம் வாடகை கொடுக்கிற இடம். எந்த நேரத்தில் என் கை போனை எடுத்தது என்று தெரியவில்லை. வக்கீலம்மாவின் நம்பர் சர்ச் குரூப்பில் இருந்தது.

நான் அரைகுறையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார். "பூட்டுல கை வச்சாச்சா?"

"இல்ல. இப்பதான்..."

"வைக்கக் கூடாது. கட்டர அணைக்கச் சொல்லுங்க. இப்ப, நான் லைன்ல இருக்கும்போதே." சர்ச்சில் சிரித்துப் பேசுகிற குரல் இல்லை அது. "பூட்ட அறுத்தீங்கன்னா நாளைக்கு நீங்க வாடகைக்காரங்க இல்ல, அடுத்தவன் இடத்துல புகுந்த ஆளுங்க. அவங்க அதுக்குத்தான் காத்துட்டு இருப்பாங்க. சுத்திப் பாருங்க, யாராவது போனத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்காங்களா?"

பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரத்தில், மகனோடு காரில் வந்த ஆள் ஒருவன் போனை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தபடி நின்றிருந்தான். "ஏட்டி, தள்ளிப் போ" என்று வீட்டுக்காரர் கத்தினார். நான் கட்டருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். கட்டின நாள் முதல் அவர் என்னை அப்படி முறைத்துப் பார்த்ததில்லை. கடைசியில் பட்டறைக்காரரே கட்டரை அணைத்தார்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. லீவு நாள் என்றாலும் எங்களுக்காகத் திறந்து வைத்திருந்தார். நான் பதற்றமும் கோபமுமாகக் கொட்டினேன். அவர் என் கதையைக் கேட்கவே இல்லை என்று தோன்றியது. சம்பந்தமில்லாத கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறது? உணவு லைசென்ஸில் எந்த விலாசம் போட்டிருக்கிறது? இரண்டும் என் பெயரிலும் அந்த ஷெட் விலாசத்திலும் இருந்தன. "நல்லது" என்றார். அக்ரிமெண்ட் என்று கேட்டபோது இரண்டு பேரும் தலையைக் குனிந்தோம். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். அவர் ஏசாமல் சாவி விஷயத்துக்கு வந்தார்.

"சாவிய உங்க கையாலயே குடுத்தா எடத்தக் குடுத்ததாத்தான் கோர்ட்டுல முதல்ல பாப்பாங்க" என்றார். "அதுவும் சிரிச்சிட்டே குடுத்திருக்கீங்க. அவங்க வக்கீல் அதத்தான் முதல்ல காட்டுவாரு. இந்தப் பழக்கம் உங்க வரிசைக்குத் தெரியும். பக்கத்து ஊர்க்காரங்களுக்கே தெரியாது, ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்? மே மாசம் கோர்ட்டும் லீவு. அதுக்குள்ள ஒண்ணும் நடக்கலைன்னா, ஒரு மாசத்துல அங்கன ஷெட்டே இருக்காது."

பிறகு, "உள்ள என்ன சரக்கு?" என்றார்.

"எலுமிச்சை. முந்தாநாளும் நேத்தும் உப்புல போட்டது."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "நேத்தா? காலி பண்ணப் போற எடத்துல யாராவது நேத்து எலுமிச்சை வெட்டி உப்புல போடுவாங்களா?"

"கிறுக்குப் பிடிச்சவதான் போடுவா" என்றேன்.

"அதச் சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க. எப்ப வாங்குவீங்க, எப்படி வெட்டுவீங்க, எத்தன நாள் கிண்டணும், கிண்டலைன்னா என்ன ஆகும்." சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். எனக்கு எரிச்சல். ஷெட்டு போகுது, இந்த அம்மா ஊறுகாய் கிளாஸ் கேட்கிறாளே என்று இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டி, தப்பாக இருந்தால் திருத்தச் சொன்னார். பிறகு வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வழக்குப் போடுவதோடு, கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டு ஷெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று உடனே பார்த்து எழுத வைக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், அவர்கள் வந்து, அதற்கப்புறம் என்றால் டிரம் ஒன்றும் உள்ளே இருக்காது. வெறும் ஷெட்டைக் காட்டி, பாருங்கள் காலி பண்ணிவிட்டார்கள் என்பார்கள். ஆகவே நோட்டீஸுக்கு முன்பே அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். ஜட்ஜ் ஒத்துக்கொள்வாரா என்று தெரியாது.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். சாவி கொடுத்து வாங்குகிற வழக்கம் உண்டு என்று வரிசையில் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பெரிய உதவி. நான் நேரே வெல்டிங் பட்டறைக்காரர் வீட்டுக்குப் போனேன். பூட்டை அறுக்கக் கட்டரோடு வந்த மனுஷன், பேப்பரில் கையெழுத்து என்றதும் தலையைச் சொறிந்தார். "நானும் அவுக எடத்துலதான இருக்கேன் அக்கா. கோர்ட்டு கேஸுன்னு என்னைய இழுக்காதீங்க." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. ஜெயிலுக்குப் போகிற வேலைக்குத் தைரியம் இருந்தது, உண்மையைச் சொல்ல இல்லை. இன்றைக்கும் எனக்கு அவர்மேல் அந்தக் கோபம் போகவில்லை. இதில் வேடிக்கை, கோர்ட் உத்தரவு வந்ததும் அந்த வரிசையில் முதல் ஆளாக வக்கீலம்மாவிடம் போய்த் தன் பட்டறைக்கு அக்ரிமெண்ட் எழுதிக்கொண்டது அவர்தான். என்னைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியேறினாராம்.

மறுநாள் கோர்ட். வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை பெயர் கூப்பிடும்போதும் என் பெயரோ என்று கதவுப் பக்கம் போனேன். மத்தியானம் வரை கூப்பிடவில்லை. வெயில் ஏற ஏற எனக்குத் தகரக் கூரைதான் ஞாபகம். அந்தச் சூட்டில் மூடின டிரம்முக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. பூட்டை அறுத்திருந்தால் இந்நேரம் கிண்டியிருக்கலாம் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. சட்டம் சட்டம் என்று இந்த அம்மா நம்மைக் கட்டிப்போட்டுவிட்டாளோ என்று பயந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கூப்பிட்டார்கள். வக்கீலம்மா எலுமிச்சையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நான் சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஜட்ஜ் பேப்பரைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார். "எப்போது உப்பில் போட்டார்கள்?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, கமிஷனர் இன்றைக்கே போய்ப் பார்க்கட்டும் என்றார். வெளியே வந்து நான் வக்கீலம்மா கையைப் பிடித்தேன். "இன்னும் ஒண்ணும் ஜெயிக்கல. வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

கமிஷனராகப் போட்டது ஒரு இளம் வக்கீலை. அவர் பைக்கில் முன்னால் போனார். நாங்கள் லோடு ஆட்டோவில் பின்னால் போனோம். பஸ் ஸ்டாண்டு முக்கில் நெரிசல். ஒரு லாரி பின்னால் வர முடியாமல் திணறிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. கோர்ட்டில் எங்கள் கேஸ் வந்ததை யாராவது பார்த்து, அண்ணாச்சி மகனுக்குப் போன் பண்ணியிருப்பார்களோ என்று பயந்தேன்.

பண்ணித்தான் இருந்தார்கள். ஷெட்டு வாசலில் ஒரு மினி லாரி பின்பக்கமாக நின்றது. கதவு திறந்திருந்தது. இரண்டு ஆட்கள் ஒரு நீல டிரம்மைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். லாரியில் ஏற்கெனவே சில டிரம்கள் ஏறியிருந்தன. ஒன்றின் மூடி கழன்று, மஞ்சள் தண்ணீர் லாரிப் பலகை வழியாக ஒழுகி மண்ணில் சொட்டியது. என் வீட்டுக்காரர் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார். "ஏலே!" என்று அவர் போட்ட சத்தத்தில் உருட்டிக்கொண்டு வந்தவர்கள் டிரம்மை விட்டுவிட்டார்கள். நானும் ஓடினேன். வக்கீலம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"அண்ணே, நில்லுங்க!" என்று அவர் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். "நீங்க அடிச்சா அவங்க ஜெயிச்சாங்க." என்ன நினைத்தாரோ, லாரிப் பக்கம் நின்ற அண்ணாச்சி மகனுக்கு ஒரு முழம் முன்னால் வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

கமிஷனர் பைக்கை ஸ்டாண்டு போட்டு, கோர்ட் உத்தரவை மகனிடம் நீட்டினார். "நான் கோர்ட் அனுப்பின கமிஷனர். இருக்கிறது இருக்கிறபடியே நிக்கட்டும்" என்றார். மகனின் முகம் செத்துப்போனது. "அவங்க சாமான அவங்க வீட்டுக்கே அனுப்பி வைக்கலாம்னுதான்..." என்று இழுத்தார். கமிஷனர் அதையும் எழுதிக்கொண்டார். லாரியை எழுதினார், ஒழுகிய தண்ணீரை எழுதினார், இரண்டு பூட்டையும் எழுதினார். ஒவ்வொரு டிரம்மாகத் திறந்து போட்டோ எடுத்தார். வெட்டுக்கத்திகள், காயப்போட்ட துணிகள், ஓரத்தில் இன்னும் வெட்டாத ஒரு மூட்டை எலுமிச்சை என எல்லாம் அவர் பேப்பரில் ஏறியது.

நான் வாசலை ஒட்டி உள்ளே நின்றேன். முதல் வரிசை டிரம் என் கைக்கெட்டும் தூரத்தில் திறந்திருந்தது. மேலே மிதந்த துண்டுகள் காய்ந்து, ஓரங்களில் புள்ளி புள்ளியாக வெள்ளை தெரிந்தது. இன்னும் பரவவில்லை. இப்போது ஒரு கிண்டு கிண்டினால் தப்பிக்கும். துடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது. நான் அதை எடுத்தேன்.

"அக்கா, வையுங்க" என்றார் வக்கீலம்மா.

"ஒரே ஒரு தடவ. அதுக்கு மட்டும் விடுங்க" என்றேன்.

"பாக்கத்தான் உத்தரவு. தொட உத்தரவு இல்ல. தொட்டா, கமிஷனர் முன்னாலயே உள்ள புகுந்து வேலை பாத்தாங்கன்னு சொல்லுவாங்க. இதுவரைக்கும் எழுதினது எல்லாம் வீணாப் போயிரும்." குரல் தழைந்திருந்தது. "எனக்குத் தெரியும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

நான் வாழ்க்கையில் பல கஷ்டம் பார்த்தவள். ஆனால் கிண்டினால் பிழைக்கும் என்று தெரிந்த ஒன்றின் பக்கத்தில், கையில் துடுப்போடு, கிண்டாமல் நின்றேனே, அதைவிடக் கஷ்டம் எனக்கு இல்லை. துடுப்பைச் சுவரில் சாய்த்தேன். லாரியில் ஏறியவற்றைக் கமிஷனர் இறக்கி உள்ளே வைக்கச் சொன்னார். எண்ணி எழுதி, எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். மகன் மறுபடியும் பூட்டினார். கதவு சாத்தும்போது நான் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த விசாரணைக்குச் சில நாள் தள்ளிப் போட்டார்கள். அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்கு வரும் பெண்கள் காலையில் பழக்கதோஷத்தில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். நான் என்ன சொல்ல என்று தெரியாமல் டீ போட்டுக் கொடுத்து அனுப்புவேன்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வீடியோவைக் கொடுத்தார். போனில் என் முகம். எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறேன். எனக்கு அந்தப் பொம்பளையை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. "விருப்பத்தோடு, மரியாதையோடு, தட்டில் வைத்துச் சாவியை ஒப்படைத்திருக்கிறார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்றார் அவர். அந்த நிமிடம் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

வக்கீலம்மா எழுந்தார். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை. "சிரித்தது உண்மை. கொடுத்தது உண்மை. வெற்றிலை பாக்கும் உண்மை. காலி செய்கிறவர்கள் இடத்தின் சொந்தக்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பதில்லை. அதோடு கமிஷனர் அறிக்கையையும் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். ஜட்ஜ் அறிக்கையை நிதானமாகப் படித்தார். டிரம் போட்டோக்களைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலை நிமிர்ந்து பார்த்து, "சாவியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றால், முந்தின நாள் இவ்வளவு எலுமிச்சையை எதற்கு உப்பில் போட்டார்கள்?" என்று கேட்டார். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். "கோர்ட் உத்தரவு போகும் நேரத்தில் எதற்கு லாரி வந்தது?" என்று அடுத்த கேள்வி. அவர் திரும்பி மகனைப் பார்த்தார்.

சட்டப்படி அல்லாமல் எங்களை வெளியேற்றக் கூடாது, கமிஷனர் மூலம் ஷெட்டை உடனே திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. கோர்ட் கோடை விடுமுறைக்கு மூடுவதற்குச் சற்று முன்னால்தான். வெளியே வந்து வீட்டுக்காரர் வக்கீலம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். நெஞ்சில் சிலுவைக் குறிகூடப் போடாத சபைக்காரர் அவர். யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயந்தரமே ஷெட்டைத் திறந்தார்கள். கமிஷனர் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு கிளம்பினார். பெண்கள் எல்லாரும் செய்தி கேட்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி வரும்போதே கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். கதவைத் தாண்டியதும் வாடை அடித்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் முதல் டிரம்மின் மூடியைத் தூக்கினேன். தண்ணீரே தெரியாதபடி வெள்ளைக் கம்பளி போட்டு மூடினதுபோல் பூத்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்தது கறுப்பே தட்டியிருந்தது. ஒரு வரிசை முடியும்வரை திறந்தேன். பிறகு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"கொட்டிருவோம்" என்றார் வீட்டுக்காரர். "பாக்க முடியல. எல்லாத்தையும் கொட்டிட்டு ஷெட்டக் கழுவி விடுவோம்." அவர் ஒரு டிரம்மைச் சாய்க்கப் போனார். பெண்கள் இரண்டு பேர் பிடிக்கப் போனார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். போனை எடுத்து வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். ஷெட்டைத் திறந்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எல்லாம் பூத்துப் போச்சு" என்றுதான் வந்தது. அத்தனை நாளும் வராத அழுகை அத்தனை பேர் முன்னாலும் வந்தது. எவ்வளவு நேரம் அழுதேனோ, அந்தப் பக்கம் அவர் போனை வைக்கவில்லை.

நான் மூச்சு விடுகிற சத்தம் கேட்டபிறகுதான் பேசினார். "இந்த நட்டத்துக்கு அவங்ககிட்ட பணம் கேட்டு கோர்ட்டுல போடணும்க்கா. ஒரு டிரம்மையும் கொட்டாம, மூடியத் திறந்து திறந்து போட்டோ எடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் டிரம்மிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன்.